ஒரு லட்சத்துக்கு முதல் கேமிங் கொம்பியூட்டர்: பாவிச்ச டெல் ஒப்டிபிளெக்ஸ் 7040, எட்டு மாசத்துக்குப் பிறகு

ஓஎல் ரிசல்ட் வந்த அண்டைக்குப் பின்னேரமே தம்பி கேட்டுப்போட்டான், அக்கா கேம் விளையாடக்கூடிய ஒரு கொம்பியூட்டர் வாங்கித் தாறியா எண்டு. ஒன்பது பாடத்தில ஆறு ஏ எடுத்தவன், அதுவரைக்கும் என்ர பழைய போனில, மூலை வெடிச்ச ஸ்கிரீனில ஃப்ரீ ஃபயர் விளையாடிக்கொண்டிருந்தவன், எங்களிட்ட வேற எதுவும் கேட்டதில்லை. அம்மா உடன ஓமெண்டிட்டா. இரணைமடுத் தண்ணியில செய்த சிறுபோகம் அந்த முறை பரவாயில்லாமல் வந்தது, நெல்லு வித்த காசில ஒரு லட்சம் ரூபா ஒதுக்கித் தந்திட்டு, நீ தானே ஐசிடி படிச்சனி, நீயே பாத்து வாங்கு எண்டு சொல்லிப்போட்டா. நான் ஏஎல்லுக்கு ஐசிடி படிச்சது உண்மை தான், ஆனா கேம் கொம்பியூட்டர் வாங்கிறது அந்தப் புத்தகத்தில இல்லாத பாடம், அதை ஒண்டரை மாசம் இருந்து விசாரிச்சுப் படிச்சனான்.

நாங்கள் வாங்கினது பாவிச்ச டெல் ஒப்டிபிளெக்ஸ் 7040, நிமிந்து நிக்கிற பெரிய பெட்டி, மூளை மாதிரி வேலை செய்யிற ப்ரொசெசர் ஐ5-6500, அதுக்குள்ள கேமின்ர படத்தை வரையிற பாவிச்ச ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்ட் ஒண்டு. 2025 ஆவணியில கிளிநொச்சி ரவுணில வாங்கினது, இப்ப எட்டு மாசமா ஒவ்வொரு நாளும் ஓடுது. இந்தக் காசுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியேல்லை, அதே நேரம் இதில குறையும் இருக்கு, ரண்டையும் எழுதிறன், ஏனெண்டா வன்னியில கனக்க வீடுகளில இதே அளவு காசை இதே மாதிரிக் கஷ்டப்பட்டு ஒதுக்கிப்போட்டு ஆரைக் கேக்கிறதெண்டு தெரியாமல் கடைக்குப் போகினம்.

முதல்ல விசுவமடுவில இருக்கிற எங்கட சித்தப்பான்ர மகனுக்கு நடந்ததைச் சொல்லவேணும். அவன் எங்களுக்கு ஆறு மாசம் முந்தியே வாங்கிட்டான். ஒரு கடையில, பேர் வேண்டாம், கண்ணாடிப் பக்கம் வைச்ச கேஸ், உள்ள நீலம் சிவப்பு பச்சை எண்டு மாறி மாறி லைட் எரியும், முன்னால மூண்டு ஃபான், அதில ஒரு கடதாசி ஒட்டியிருந்தது, ஐ7, 16ஜிபி றாம், 4ஜிபி கிராபிக்ஸ், கேமிங் பிசி, 85,000 எண்டு. வெளுத்ததெல்லாம் பால் எண்டு நம்பி வாங்கிக்கொண்டு வந்திட்டான். ஜிடிஏ 5 போட்டால் படம் படமா நிண்டு நிண்டு போகுது. நான் போய்த் திறந்து பாத்தால் ஐ7 எண்டது ஐ7-2600, அது 2011இல வந்த ரெண்டாம் ஜெனரேஷன். 4ஜிபி கிராபிக்ஸ் எண்டது ஜிடி 730 எண்ட கார்ட், வேகம் குறைஞ்ச பழைய டிடிஆர்3 மெமரி வைச்சது. பொய் ஒண்டும் எழுதேல்லை, கடதாசியில இருந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை, அதால தான் எனக்குக் கூடக் கவலை. ஐ7 எண்ட எழுத்துக்குப் பின்னால வாற நம்பர் தான் அது எந்தக் காலத்துச் சாமான் எண்டு சொல்லும், அதைக் கடதாசியில போடேல்லை. 4ஜிபி எண்டது அந்தக் கார்ட்டின்ர பலம் இல்லை, அது பொருள் வைக்கிற அறையின்ர அளவு மாதிரி, அறை பெரிசா இருந்தும் வேலை செய்ய ஆள் இல்லாட்டி என்ன பிரியோசனம். திருப்பிக் கொண்டுபோனவன், அவை எடுக்க மாட்டம் எண்டிட்டினம். அந்தப் பிள்ளை பள்ளிக்கூட லீவில மேசன் வேலைக்குக் கையாளாப் போய்ச் சேர்த்த காசும் அதுக்குள்ள இருந்தது.

அதைப் பாத்தாப் பிறகு நான் முடிவெடுத்தது, லைட் எரியிற பெட்டி எதையும் பாக்கிறேல்லை எண்டு. வெளிநாட்டுக் கந்தோருகளில நாலைஞ்சு வருசம் பாவிச்சிட்டு மொத்தமாக் கழிக்கிற கொம்பியூட்டருகள் இருக்கு, டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் எண்டு, அதுகள் கொழும்புக்கு வந்து அங்கயிருந்து யாழ்ப்பாணம், வவுனியா, கிளிநொச்சிக் கடையளுக்கு வருது. பாக்கக் கறுப்பா, ஒரு வடிவும் இல்லாமல் இருக்கும். ஆனா எல்லாச் சாமானும் பூட்டிற மதர்போர்ட் எண்ட போர்ட்டும், கரண்ட் குடுக்கிற பவர் சப்ளையும் பகல் முழுக்க ஓடிறதுக்கெண்டு செய்தது. புதுசா ஒரு செட் அடிக்கிறதெண்டா ஒரு லட்சம் எங்க காணப் போகுது, 2022இல டொலர் 200 ரூபாயில இருந்து 350க்கு மேல போனதும், 2024 தையில இருந்து வற் வரி 18 வீதமாக்கினதும், எல்லாம் சேந்து புதுச் சாமான் விலை அப்பிடியே மேல போட்டுது.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன். ஒரே ஒப்டிபிளெக்ஸ் 7040 எண்ட பேரில மூண்டு விதமான பெட்டி இருக்கு. ஒண்டு பெரிசு, அதை எம்டி எண்டு சொல்லுவினம், மினி ரவர். அடுத்தது ஒடுக்கமானது, எஸ்எஃப்எஃப் எண்டு. மூண்டாவது புத்தகம் அளவு, மைக்ரோ. உள்ள ப்ரொசெசர் ஏறக்குறைய ஒண்டு தான், விலையும் சில வேளை ஒண்டு தான், சின்னன் வடிவா இருக்கெண்டு ஆக்கள் அதைத் தூக்கிக்கொண்டு வந்திடுவினம். மைக்ரோவுக்குள்ள கிராபிக்ஸ் கார்ட் போட இடமே இல்லை. எஸ்எஃப்எஃப் பெட்டிக்குள்ள லோ புரொஃபைல் எண்ட குட்டைக் கார்ட் மட்டும் தான் போகும், அது தேடிப் பிடிக்கிறதும் கஷ்டம், அதே கார்ட்டின்ர சாதாரண உயரத்தை விட விலையும் கூட. எம்டி பெட்டிக்குள்ள தான் சாதாரண உயரக் கார்ட் நிக்கும். ப்ரொசெசர் பிறகு மாத்தலாம், றாம் பிறகு கூட்டலாம், பெட்டியை மாத்தேலாது, அதால முதல்ல பெட்டியைப் பாருங்கோ.

நாங்கள் போன கடை ஏ9 ரோட்டில டிப்போச் சந்திக்குக் கிட்ட. சின்னக் கடை, பாதி போன் திருத்திறது, பாதி கொம்பியூட்டர். கடைக்கார அண்ணையிட்ட நான் கேட்ட முதல் கேள்வி, அண்ணை திறந்து பாக்கலாமோ எண்டு. அவர் ஒண்டும் சொல்லாமல் பெட்டியைத் தூக்கி மேசையில வைச்சு, பக்கத் தகட்டைக் கழட்டி, பாருங்கோ தங்கச்சி எண்டு என்ர பக்கம் திருப்பி விட்டிட்டார். அந்த ஒரு செய்கைக்காகவே நான் அந்தக் கடையைப் பத்தி நல்லா எழுதுவன். மேல ஏதோ ஒரு கந்தோரின்ர பார்கோட் ஸ்டிக்கர் பாதி உரிஞ்ச மாதிரி ஒட்டியிருந்தது. உள்ள அடித்தட்டில மென்மையான சாம்பல் தூசி, ஹாட் டிஸ்க் வைக்கிற கூட்டுக்குப் பக்கத்தில ரண்டு பல்லி முட்டை, பட்டாணிக் கடலை அளவில, ஒண்டு வெடிச்சு வெறும் கோதா இருந்தது. தம்பி அதை விரலால எடுத்து வெளியில வைச்சவன். கப்பாசிட்டர் ஒண்டும் வீங்கேல்லை, கருகின மணம் இல்லை, ப்ரொசெசர் ஃபானை விரலால சுத்த லேசாச் சுத்திச்சுது.

பிறகு பின்பக்கம் இருக்கிற சேர்விஸ் டாக் நம்பரைப் போனில டெல்லின்ர தளத்தில அடிச்சுப் பாத்தனாங்கள். அது ஃபக்டரியில இருந்து எந்தச் சாமானோட வெளிய வந்தது எண்டு அதில வரும், விக்கிறவர் சொல்றதும் அதுவும் ஒத்துப்போகுதோ எண்டு பாக்கலாம். ஒத்துப்போச்சு. அடுத்தது ஓன் பண்ணி எஃப்2 அடிச்சு பயோஸுக்குள்ள, அதாவது விண்டோஸுக்கு முன்னால வாற மெஷினின்ர அடிப்படை செட்டிங்ஸுக்குள்ள போறது, இதை மறக்காதேங்கோ, கந்தோர் மெஷின்களில பயோஸுக்கு பாஸ்வேர்ட் போட்டு வைச்சிருப்பினம், அதை எடுக்காமல் விட்டால் பிறகு ஒரு செட்டிங்ஸும் மாத்தேலாது. போன் கேம்களை எமுலேட்டர் எண்ட, போன் மாதிரி நடிக்கிற மென்பொருளில விளையாடப் போற பிள்ளையளுக்கு பயோஸில வேர்ச்சுவலைசேஷன் எண்டதை ஓன் பண்ணவேணும், அதில்லாட்டி நல்ல மெஷினும் தவழும். கடைசியா கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ எண்ட மென்பொருள் போட்டு, எல்லாத்தையும் சேமிக்கிற எஸ்எஸ்டி எத்தினை மணித்தியாலம் ஓடினது, ஹெல்த் எத்தினை வீதம் எண்டு பாத்தது. 91 வீதம் இருந்தது, போதும் எண்டு எடுத்தனாங்கள்.

ஐ5-6500, 8ஜிபி றாம், 256ஜிபி எஸ்எஸ்டி, எல்லாம் சேத்து 42,000. இன்னொரு 8ஜிபி றாம் 5,500. ஒரே 16ஜிபி துண்டா வாங்காமல் ரண்டு எட்டாப் போட்டால் ரெண்டும் ஒரே நேரம் வேலை செய்யும், அதால கேம் ஓட்டம் கொஞ்சம் சீராகுது. இந்த விலை 2025 ஆவணி விலை, அந்த வருசக் கடைசியில இருந்து உலகம் முழுக்க றாம் விலை ஏறினது, அதால இப்ப றாமுக்குக் கூடக் கேப்பினம், ஏற்கனவே 16ஜிபி உள்ள பெட்டி கிடைச்சால் விடாதேங்கோ.

கிராபிக்ஸ் கார்ட்டில தான் எனக்கும் தம்பிக்கும் சண்டை வந்தது. அவனுக்கு ஆர்எக்ஸ் 570 எண்ட கார்ட் வேணும், ஏனெண்டா யூடியூப்பில அது தான் இந்த விலைக்குப் பெரிய சாமான் எண்டு சொல்லினம். சொல்றது சரி, 1650ஐ விட அது கூட ஓடும், பாவிச்சது விலையும் குறைவு. ஆனா அது கிட்டத்தட்ட 150 வோட் இழுக்கும், அதுக்கெண்டு பவர் சப்ளையில இருந்து தனி வயர் குத்தவேணும். எங்கட டெல்லுக்குள்ள இருக்கிறது 240 வோட் பவர் சப்ளை, அந்த வயரே அதில இல்லை. பவர் சப்ளையை மாத்துவம் எண்டால் டெல் கந்தோர்ப் பெட்டியள் கனக்கத்தில போர்ட்டுக்குப் போற வயர் சாதாரண 24 பின் இல்லை, தன்ர சொந்த வடிவம், அடப்டர் தேடவேணும். ஜிடிஎக்ஸ் 1650 75 வோட் தான், அவ்வளவையும் போர்ட்டில இருக்கிற ஸ்லொட்டே குடுத்திடும். ப்ரொசெசர் 65, கார்ட் 75, மிச்சச் சாமான் எல்லாம் சேத்தாலும் 240க்கு நல்லாக் கீழ நிக்குது. இதை ஒரு கொப்பித் தாளில கூட்டிக் காட்டின பிறகு தான் அவன் சரி எண்டவன். கவனிக்கவேண்டியது, 1650 எண்ட பேரிலயும் சில கொம்பனிக் கார்ட்டுகளில மேல 6 பின் குத்திற இடம் இருக்கு, அது எங்களுக்குச் சரிவராது, குத்திற இடமே இல்லாத, ஒற்றை ஃபான் வைச்ச கட்டைக் கார்ட்டாப் பாருங்கோ, நீட்டுக் கார்ட் ஹாட் டிஸ்க் கூட்டில முட்டும்.

கார்ட்டை வேற ஒரு ஆளிட்ட, விளம்பரம் பாத்து, பரந்தனில போய் வாங்கினது, 29,000. அந்தத் தம்பியும் நல்ல பிள்ளை, தன்ர மெஷினில போட்டு ஓட விட்டுக் காட்டினவர். நான் ரண்டு விசயம் கேட்டனான். ஒண்டு ஜிபியு-இசட் எண்ட சின்ன மென்பொருள் போட்டுக் காட்டச் சொல்லி, ஏனெண்டா பழைய கார்ட்டின்ர பயோஸை மாத்தி 1050 டிஐ எண்ட வேற நல்ல கார்ட்டின்ர பேர் வைச்சு விக்கிற கள்ளக் கார்ட்டுகள் சந்தையில இருக்கு, அதில பாத்தால் பேருக்கு முன்னால ஃபேக் எண்டு காட்டும். இன்னொரு அடையாளம், 1050 டிஐ எண்டு சொல்லிக்கொண்டு பின்னுக்கு விஜிஏ எண்ட பழைய மொனிட்டர் வயர் குத்திற நீல ஓட்டை இருந்தால் சந்தேகப்படுங்கோ, அந்தச் சிப்புக்கு அனலொக் வெளியீடு கிடையாது. ரெண்டாவது ஃபர்மார்க் எண்ட, கார்ட்டைச் சூடேத்திப் பாக்கிற மென்பொருள் போட்டு கால் மணித்தியாலம் ஓட விட்டது. டெஸ்க்டொப்பை மட்டும் காட்டிட்டு வேலை செய்யுது எண்டு சொல்றதை நம்பேலாது, சூடேறினால் தான் கார்ட்டின்ர வருத்தம் வெளிய வரும், கோடு விழும், கலர் மாறும், இல்லாட்டி ஸ்கிரீன் கறுப்பாப் போகும். அந்தக் கால் மணித்தியாலமும் தம்பி கண் வெட்டாமல் அந்தச் சுத்திற வளையத்தையே பாத்துக்கொண்டிருந்தவன். 72 பாகையில போய் அப்பிடியே நிண்டுது. செக்கிங் வொரண்டி ரண்டு கிழமை தந்தவர், அதை ஒரு துண்டில எழுதி வாங்கினனான்.

மொனிட்டர் 22 இஞ்சி, ஃபுல் எச்டி, பாவிச்சது, 14,000. இதிலயும் ஒரு பொறி இருக்கு. இன்னும் மலிவா 9,000க்கு ஒண்டு இருந்தது, ஆனா அதில விஜிஏ மட்டும் தான், எங்கட கார்ட்டில எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளே போர்ட்டும் தான், இடையில கொன்வேர்ட்டர் வாங்கவேணும், மலிவுக் கொன்வேர்ட்டரில எழுத்து மங்கும். வீட்டை கொண்டுவந்து பூட்டேக்க மொனிட்டர் வயரை மேல இருக்கிற மதர்போர்ட் ஓட்டையில குத்தாமல் கீழ படுத்திருக்கிற கார்ட்டின்ர ஓட்டையில குத்துங்கோ. விசுவமடுத் தம்பியின்ர சிநேகிதன் ஒராள் நாலு மாசமா மேல குத்தி வைச்சுக்கொண்டு கார்ட் பழுது எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தவன்.

சரி, எப்பிடி ஓடுது? ஜிடிஏ 5 ஃபுல் எச்டியில, ஹை செட்டிங்ஸில ஒரு செக்கனுக்கு 60 படத்துக்குக் கிட்ட நிக்குது, ரவுணுக்குள்ள வேகமாக் காரில போகேக்க மட்டும் ஒரு சின்ன இடறல். வலோரன்ட் 120க்குக் குறையேல்லை. கவுண்டர் ஸ்ட்ரைக் 2 லோவில 70, 80, புகைக்குண்டு போட்டால் இறங்குது. கிரிக்கெட், ஃபுட்போல் கேம் எல்லாம் வெண்ணெய் மாதிரிப் போகுது. தம்பி முதல் நாள் ஜிடிஏயில ஒரு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய், சண்டை ஒண்டும் பிடிக்காமல், தண்ணி அலை அடிக்கிறதைப் பாத்துக்கொண்டு நிண்டவன், அம்மாவைக் கூப்பிட்டு அம்மா இஞ்ச பாருங்கோ முல்லைத்தீவுக் கடல் மாதிரி எண்டு காட்டினவன். அதை என்னால மறக்கேலாது.

குறையும் சொல்றன். ஐ5-6500க்கு நாலு கோர், நாலு த்ரெட் தான், அதாவது ஒரே நேரம் நாலு வேலை தான் செய்யும். 2015 சாமான். கடைசி ரண்டு மூண்டு வருசத்தில வந்த பெரிய கேமுகளில கார்ட் இன்னும் ஏலும் எண்டு நிக்க ப்ரொசெசர் 100 வீதத்தில போய் மூச்சு வாங்குது, பிரவுசரும் டிஸ்கோர்டும் பின்னுக்குத் திறந்திருந்தால் உடன தெரியும். ரெண்டாவது, ஆறாம் ஜெனரேஷன் விண்டோஸ் 11இன்ர பட்டியலில இல்லை, எட்டில இருந்து தான் எடுக்கும். விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட சாதாரண சப்போட் முடிஞ்சுது, பதிஞ்சு வைச்சால் 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும், நாங்கள் பதிஞ்சிருக்கிறம். குறுக்கு வழியால 11 போடலாம் எண்டு ஆக்கள் சொல்லுவினம், ஆனா வலோரன்ட் விண்டோஸ் 11இல டிபிஎம் 2.0, செக்யூர் பூட் எண்ட ரண்டு பாதுகாப்பு வசதியையும் கேக்கும், அது இல்லாட்டி கேம் திறக்காது. அதால இண்டைக்கு வாங்கப் போறவைக்கு நான் சொல்றது, 15, 20 ஆயிரம் கூடப் போட ஏலுமெண்டா ஒப்டிபிளெக்ஸ் 5060 இல்லாட்டி 7060, ஐ5-8500 வைச்ச எம்டி பெட்டி எடுங்கோ, ஆறு கோர், விண்டோஸ் 11 பட்டியலிலயும் இருக்கு. எங்களுக்கு அந்த நேரம் அந்தக் காசு இருக்கேல்லை. நாலாம் ஜெனரேஷனுக்கும் கீழ ஆர் எவ்வளவு மலிவாத் தந்தாலும் எடுக்காதேங்கோ.

இப்ப கரண்ட். இதை யூடியூப்பில ஒருத்தரும் சொல்ல மாட்டினம், ஆனா வன்னியில இது தான் பாதிக் கதை. எங்கட வீடு உருத்திரபுரம் பக்கம், லைனின்ர கடைசிப் பக்கம், பின்னேரம் எல்லாரும் தோட்டத்துக்குத் தண்ணி மோட்டர் போட்டால் பல்ப் மஞ்சளாகும். 230 இருக்கவேண்டிய வோல்டேஜ் 190க்கு இறங்கினதை நான் மீற்றர் வைச்சுப் பாத்தனான். முதல் கிழமை யூபிஎஸ் இல்லாமல் ஓட்டினனாங்கள், மூண்டு தரம் கேமுக்கு நடுவில நிண்டுது, மூண்டாந்தரம் விண்டோஸ் திறக்கேல்லை, தம்பி அழாக்குறை. அண்டைக்கே போய் 650விஏ யூபிஎஸ் ஒண்டு புதுசா 11,500க்கு வாங்கினது. பெட்டியில 650 எண்டு பெரிசாப் போட்டிருந்தாலும் உண்மையான வோட் 360 சொச்சம் தான், எங்கட மெஷினுக்கும் மொனிட்டருக்கும் அது தாராளம். வோல்டேஜ் இறங்கினால் தானே தூக்கிக் குடுக்குது, கரண்ட் போனால் பத்து நிமிசம் தாங்கும், அதுக்குள்ள சேவ் பண்ணி நிப்பாட்டலாம், விளையாடலாம் எண்டு நினைக்கக் கூடாது. யூபிஎஸ் மட்டும் பாவிச்சது வாங்காதேங்கோ, உள்ளுக்கு இருக்கிற பட்டரி ரண்டு மூண்டு வருசத்தில செத்துப்போகும்.

அடுத்தது எர்த். மெஷின் பூட்டின முதல் நாள் வெறுங்காலோட சீமெந்து நிலத்தில நிண்டு பெட்டியின்ர பின்பக்கத் தகட்டில கை வைச்சனான், சுள்ளெண்டுது, எறும்பு கடிச்ச மாதிரி. தம்பி பெட்டி பழுது எண்டு பயந்திட்டான். பெட்டியில பிழை இல்லை. பவர் சப்ளைக்குள்ள கரண்டை வடிகட்டிற சின்னக் கப்பாசிட்டர்கள் இருக்கு, அதுக்குள்ளால கசியிற கொஞ்சக் கரண்ட் எர்த் வயரால நிலத்துக்குப் போகவேணும், எங்கட வீட்டு பிளக்கில எர்த் ஓட்டை இருந்தது, அதுக்குப் பின்னால வயர் இல்லை. வீட்டுத்திட்ட வீடு, வயரிங் செய்தவை அந்த அறைக்கு விட்டிட்டுப் போயிருக்கினம். ஊரில இருக்கிற எலக்ரீசியன் அண்ணை வந்து, கிணத்தடிப் பக்கம் ஈரமான இடமாப் பாத்து எர்த் கம்பி அடிச்சு வயர் இழுத்துத் தந்தவர், பிறகு அந்தச் சுள்ளல் இல்லை. அவருக்குக் குடுத்த காசு எங்கட கணக்கில சேக்கேல்லை, ஆனா கார்ட்டுக்குக் குடுத்த காசை விட அது தான் பிரியோசனமான காசு எண்டு நான் நினைக்கிறன், அந்த அறையில அம்மா மிக்சியும் பாவிக்கிறவா.

ஐப்பசி மழைக்கு முழக்கம் வந்தால் யூபிஎஸ்ஸை நம்பி இருக்காமல் பிளக்கைக் கழட்டுங்கோ, ரவுட்டரில இருந்து வாற நெட் வயரையும் கழட்டுங்கோ, அதாலயும் இடி வரும். பக்கத்து வீட்டில ரிவியும் ரவுட்டரும் ஒரே இடியில போச்சு.

தூசியும் சூடும் எல்லாருக்கும் தெரிஞ்சது தான். எங்கட ரோட் கிரவல், ட்ரக்டர் ஒண்டு போனால் அறைக்குள்ள சிவப்பாப் படியும், அதால நிலத்தில வைக்காமல் ஒரு பழைய மேசையில வைச்சிருக்கிறம், மாசத்துக்கு ஒருக்காத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால தட்டி விடுறது. வாங்கின புதுசில ப்ரொசெசர் 85 பாகைக்குப் போனது, ப்ரொசெசரின்ர சூட்டைக் கடத்திற பழைய தேர்மல் பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பு மாதிரி உதிந்தது, புதுசு ஒரு ரியூப் வாங்கிப் பூசினாப் பிறகு 66.

கீபோர்ட்டும் மவுஸும் சாதாரணம், 3,000. எல்லாம் கூட்டினால் 105,000. கூடின ஐயாயிரமும் அம்மா பால் காசில இருந்து தந்தவா.

நெட்டுக்கு எங்கட பக்கம் ஃபைபர் வரேல்லை, 4ஜி ரவுட்டர் தான். மழை இல்லாத இரவில வலோரன்ட் சிங்கப்பூர் சேர்வரில 70, 80 பிங், அதாவது சேர்வருக்குப் போய்த் திரும்பி வர எடுக்கிற மில்லி செக்கன், மும்பாய் சேர்வரில அதை விடக் கொஞ்சம் குறைவு, பின்னேரத்தில ரெண்டும் ஏறி இறங்கும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரிப் பெரிய கேமை டேட்டாவில இறக்கினால் மாசப் பக்கேஜ் ஒரே நாளில முடிஞ்சிடும், அறிவியல் நகரில கம்பஸில படிக்கிற ஒரு அண்ணை தன்ர ரூமில இறக்கி யூஎஸ்பி ஹாட் டிஸ்கில தந்தவர், கேம் இறக்கிற ஸ்டீம் மென்பொருளில பேக்கப் எடுத்துப் போடலாம், அப்டேட் மட்டும் நாங்கள் இறக்கினது.

கொழும்பில வாங்கினால் மலிவோ எண்டு கேப்பியள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போனால் தெரிவு கூட, கார்ட்டில மூண்டு நாலாயிரம் குறையும் தான், ஆனா போய்வாற பஸ் காசும் ஒரு நாளும் போகும், பழுதெண்டால் திருப்பிக் கொண்டுபோகவேணும். எங்களுக்கு மூண்டாம் மாசம் எஸ்எஸ்டி வயர் லூசாகி விண்டோஸ் திறக்காமல் நிக்க, சைக்கிளில வைச்சுக் கட்டிக்கொண்டு டிப்போச் சந்திக்குப் போக, கடைக்கார அண்ணை பத்து நிமிசத்தில சரிபண்ணி, காசு வேண்டாம் தங்கச்சி எண்டு அனுப்பினவர். தூர இடத்தில வாங்கி பஸ்ஸில கொண்டு வாறதெண்டால் கார்ட்டைக் கழட்டித் துணியில சுத்தி மடியில வைச்சுக்கொண்டு வாங்கோ, பெட்டிக்குள்ள பூட்டினபடி வந்தால் குலுங்கிற குலுக்கலில ஸ்லொட் உடையும்.

லாப்டொப் வாங்கலாமே எண்டு அம்மா கேட்டவா, பட்டரி இருக்கு, கரண்ட் போனாலும் ஓடும், படிப்புக்கும் நல்லது. அது சரியான கேள்வி தான். ஆனா ஒரு லட்சத்துக்கு வாற பாவிச்ச லாப்டொப்பில தனிக் கிராபிக்ஸ் கார்ட் இருக்கிறது குறைவு, இருந்தாலும் எங்கட வெக்கையில கேம் ஓடினால் கீபோர்ட்டில கை வைக்கேலாது, ஒண்டு பழுதானால் எல்லாம் பழுது. எங்கட பெட்டியில எது பழுதானாலும் அந்தத் துண்டை மட்டும் மாத்தலாம்.

விசுவமடுத் தம்பியின்ர மெஷினுக்கும் ஒரு வழி பாத்தனாங்கள். அந்த லைட் கேஸும் பவர் சப்ளையும் நல்லம் தான், ஐ7-2600உம் அதின்ர போர்ட்டும், ஜிடி 730உம் வித்து 18,000 வந்தது. இப்ப ரைசன் 5 5600ஜி எண்ட ப்ரொசெசர் ஒண்டும் அதுக்கேத்த போர்ட்டும் பாவிச்சதாப் பாத்துக்கொண்டிருக்கிறம், அதுக்குள்ளயே வேகா கிராபிக்ஸ் இருக்கு, தனிக் கார்ட் இல்லாமலே வலோரன்ட் விளையாடலாம், பிறகு காசு சேர கார்ட் போடலாம். றாம் ரண்டு துண்டாப் போடவேணும், அந்தச் சிப்புக்கு அது கட்டாயம். இந்தக் காலபோக அறுப்புக் கூலி கைக்கு வந்திட்டுது எண்டு நேற்று போன் எடுத்தவன், சனிக்கிழமை நானும் தம்பியும் அவனும் மூண்டு பேருமாக் கடைக்குப் போறம், பெட்டியைத் திறந்து பாக்க.